மயிலத்தில் இறங்க வேண்டிய கம்பி

அந்த வருஷங்களில் நான் கண்ணைத் திறப்பதற்கு முன்னால் காதைத் திறப்பேன். விழித்ததும் அசையாமல் படுத்துக்கொண்டு, கூரை ஓட்டின் மேல் குருவி கத்துகிறதா என்று கேட்பேன். விழுப்புரம் லோகோ ஷெட்டில் பாய்லர் வேலை பார்த்தவன் நான். சாயந்திரம் ஷெட்டை விட்டு வெளியே வரும்போது இரண்டு காதும் அடைத்துப் போயிருக்கும். உள்ளே ஓர் ஈ விடாமல் பறந்துகொண்டிருக்கும். எதிரே வருகிறவர்கள் கம்பளிக்குப் பின்னாலிருந்து பேசுவது போல இருக்கும். தூங்கி எழுந்தால் காது திரும்பி வந்துவிடும். அதே ஷெட்டில் வேலை பார்த்த என் அப்பாவுக்கும் அப்படித்தான் தினம் திரும்பி வந்துகொண்டிருந்ததாம். பிறகு ஒரு நாள் வரவில்லை.

பாய்லர் வேலை இன்னதென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினில் கரி எரிகிற அறை ஒன்று உண்டு. ஷெட்டில் அதை பயர்பாக்ஸ் என்போம். அதன் உள் தகட்டையும் வெளித் தகட்டையும் வரிசை வரிசையாக இரும்புத் தண்டுகள் பிடித்துக்கொண்டிருக்கும். தண்டு தளர்ந்தால் தண்ணீர் கசியும். புதுத் தண்டைச் செருகி, வெளியே ஒருவன் சம்மட்டியால் அதன் தலையை அடித்து நசுக்குவான். அடி விழும்போது தண்டு நகராமல் இருக்க, உள்ளே ஒருவன் குந்திக்கொண்டு கனமான இரும்புக் கட்டையைத் தோளோடு சேர்த்து முட்டுக் கொடுக்க வேண்டும். ஒல்லியாகவும் இளவட்டமாகவும் இருக்கிறவனைத்தான் கரி போடுகிற ஓட்டை வழியாக உள்ளே அனுப்புவார்கள். நான் ஒல்லி. கோயில் மணிக்குள்ளே தலையைக் கொடுத்துவிட்டு, மணியை அடியுங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கும்.

எங்கள் வீடுகள் தண்டவாளத்தை ஒட்டி ஒரே வரிசை. பாதிக்கு மேல் பாய்லர்காரர்கள். ஊரில் அந்த வரிசைக்குச் செவிட்டு லைன் என்று பெயர். அங்கே பெண்களெல்லாம் புருஷனிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போனவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் அவர்கள் ரகசியம் பேசினால் பீடத்திலிருந்து சாமியார் திரும்பிப் பார்ப்பார். ஆண்கள் எதைக் கேட்டாலும் 'ஆமா, ஆமா' என்று சிரிப்பார்கள். கேட்கவில்லை என்று சொல்வதைவிட ஆமாம் என்பது சுலபம். அப்பா இந்த வித்தையில் மன்னன். ஒரு தடவை பக்கத்துத் தெருவில் ஒரு சாவு என்று சொல்ல வந்தவரிடம், 'ஆமா, ரொம்ப சந்தோசம், வந்துர்றோம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

காது போவது எங்கள் ஷெட்டில் வியாதி இல்லை, சர்வீஸ். அதற்காக யாரையும் வேலையை விட்டு நிறுத்தியதில்லை. செவிட்டு பாய்லர்காரனுக்கும் அதே சம்பளம், அதே மரியாதை. அதனால் எங்கள் வரிசையில் காதுக்காகப் பயந்தவர் எவருமில்லை. ஊர்ப்பட்ட வேலையில்லாதவர்கள் ஷெட் வாசலில் காத்துக் கிடந்த காலம். நிரந்தர வேலைக்காரன் காதைப் பற்றிப் பேசினால் கொழுப்பு என்பார்கள். எனக்கும் அப்படியே பழகியிருக்கும். கித்தார் என்று ஒன்று வீட்டுக்குள் வராமல் இருந்திருந்தால், நானும் மற்றவர்களைப் போலப் பயப்படாமலே செவிடாகியிருப்பேன்.

அது ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, டிரைவர் வீட்டிலிருந்து வந்தது. அவருக்கு மாற்றல் ஆகி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய இரும்பு அடுப்பு விரிசல் விட்டிருந்தது. அதற்கு நான் ஒரு பட்டை வைத்து ரிவிட் அடித்துக் கொடுத்தேன். அந்த வீட்டு அம்மாள் பீரோவின் மேல் தூசி படிந்து கிடந்த கித்தாரை எடுத்து, 'உனக்கு வேணுமா, இல்லே அடுப்பெரிக்கப் போடட்டுமா?' என்று கேட்டார். பக்கப் பலகையில் ஒரு வெடிப்பு. கம்பியில் பாதி இல்லை. புதுச்சேரிக்குப் போகிறவர்களிடம் சொல்லி, அங்கே ஒரு கடையிலிருந்து தடிக் கம்பிகளை வரவழைத்தேன். ஒல்லிக் கம்பிகளுக்கு சைக்கிள் பிரேக் வயரைப் பிரித்து ஒற்றை இழையை எடுத்துக் கட்டினேன். எனக்கு அப்போது இருபது வயதை ஒட்டி இருக்கும்.

சொல்லிக் கொடுக்க ஆளில்லை. சனிக்கிழமை அரைநாள் வேலை. அன்றைக்குச் சாயந்திரம் சட்டைக்காரர்களின் ரயில்வே கிளப்பான இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ் நடக்கும். உள்ளே எங்களுக்கு இடமில்லை. ஆனால் வெளியே சைக்கிள் நிறுத்துகிற வேப்பமரத்தடியில் நின்றால் யாரும் விரட்டமாட்டார்கள். சன்னலோரம் உட்கார்ந்து ரயில் கார்டு ஒருவர் கித்தார் வாசிப்பார். அவருடைய இடது கை விரல்களைக் கண்ணால் திருடுவேன். பாட்டைக் காதால் திருடுவேன். பிறகு வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு நடக்கிறவன் மாதிரி, பாட்டைச் சிந்தாமல் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வருவேன். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் தொலைந்தது. அடுத்த சனிக்கிழமைதான்.

கித்தாரின் கழுத்தில் குறுக்கே பித்தளைக் கோடுகள் பதித்திருந்தன. எந்தக் கட்டத்தில் விரல் வைத்தோம் என்பது ஞாபகம் இருக்க வேண்டுமே. எனக்குத் தெரிந்த வரிசை ரயில் ஸ்டேஷன் வரிசைதான். விரல் வைக்காத வெறும் கம்பி விழுப்புரம். முதல் கட்டம் முண்டியம்பாக்கம். அப்புறம் விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம். இரண்டாம் கம்பி பேரணி, மூன்றாம் கம்பி விக்கிரவாண்டி என்று பாட்டை மனப்பாடம் செய்தேன். பூசையில் பாடுகிற மாதா பாட்டுக்கெல்லாம் இப்படி ஒரு டைம் டேபிள் என் தலைக்குள் இருந்தது.

சுருதி சேர்ப்பதையும் மரத்தடியில் நின்றே கண்டுபிடித்தேன். தடிக் கம்பியைத் திண்டிவனத்தில் அழுத்தி மீட்டினால் என்ன சத்தமோ, அதுதான் அடுத்த கம்பியின் விழுப்புரம். அதையும் திண்டிவனத்தில் அழுத்தினால் அதற்கடுத்த கம்பியின் விழுப்புரம். இப்படி ஒவ்வொன்றாகத் திண்டிவனத்தில் இறங்கி அடுத்த வண்டி ஏற வேண்டும். கடைசி ஒல்லிக் கம்பி மட்டும் முதல் தடிக் கம்பியின் குரலிலேயே, ஆனால் பெண் குரலாக, இருக்க வேண்டும். இவ்வளவையும் நானாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

தனித் தனிக் கம்பியாகத் தட்டினால் பாட்டு ஒழுங்காக வந்தது. அந்த ரயில் கார்டு வைக்கிற மாதிரியே விரல்களைப் பரப்பி எல்லாக் கம்பியையும் ஒன்றாக வாரிவிட்டால்தான் விபரீதம். இன்ஸ்டிட்யூட்டில் அந்தச் சேர்ந்த சத்தம் வெல்லப் பாகு மாதிரி வழியும். என்னிடம் அது திரிந்த பாலாக இருந்தது. விரலை மாற்றிப் பார்த்தேன். கம்பியை மாற்றிப் பார்த்தேன். மறுபடி மரத்தடிக்குப் போய் அவர் விரல்களை உற்றுப் பார்த்தேன். என் விரல்களும் அதே இடத்தில்தான் இருந்தன. சுருதியை ஆயிரம் தரம் சரிபார்த்தேன். ஒவ்வொரு கம்பியும் திண்டிவனத்தில் ஒழுங்காக இறங்கியது. அப்படியானால் கெட்டுப் போயிருப்பது கித்தார் இல்லை.

அதை முதலில் நினைத்த நிமிஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். கித்தாரைக் கீழே வைத்தேன். என் காதுக்குள் ஏதோ கோணிப்போய்விட்டது, இனிப்பு இனிப்பாக விழ மாட்டேன் என்கிறது என்று தோன்றிவிட்டது. செவிடாவது இப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பூண்டைத் தட்டி நல்லெண்ணெயில் காய்ச்சி இரண்டு காதிலும் ஊற்றிக்கொண்டேன். சட்டைக் காலரெல்லாம் எண்ணெய்தான் மிச்சம். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, 'அழுக்கு கீது, வேற ஒண்ணுமில்ல, போ' என்றார். மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினேன். தனியாக இருக்கும்போது கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் காதருகே உரசிப் பார்ப்பேன். அந்தச் சரசரப்பு கேட்டால் கொஞ்ச நேரம் மூச்சு விடுவேன். அப்புறம் நேற்றைக்கு இதைவிடப் பலமாகக் கேட்டதோ என்று சந்தேகம் வரும். மறுபடி உரசுவேன்.

அப்பாவிடம் சொல்லலாம் என்று போனேன். அவர் காதோடு வாயை வைத்து, 'அப்பா, எனுக்கு காது கெட்டுப் போவுது, பயமா கீது' என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் என் தோளைத் தட்டி, 'ஆமா, ஆமா, வெயிலு ஜாஸ்திதான்' என்றார். நான் அழுதுவிட்டேன். கண்ணீரைப் பார்த்ததும்தான் அவருக்கு விஷயம் வெயில் இல்லை என்று புரிந்தது. அவர் தன் காதைத் தொட்டுக் காட்டி, என் காதையும் தொட்டுக் காட்டி, 'இதுவா?' என்று கேட்டார். தலையாட்டினேன். 'போனா போவுதுடா. வாயி கீதில்ல, சோறு துண்றதுக்கு' என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஷெட்டில் இன்ஜின் துடைக்கிற பஞ்சுக் கழிவு கிடக்கும். வேஸ்ட் என்போம். அதை உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு பயர்பாக்ஸில் இறங்க ஆரம்பித்தேன். பாதிக்குப் பாதி சத்தம் குறைந்தது. ஒரு நாள் எங்களை மேற்பார்க்கிற சார்ஜ்மேன் ஓட்டை வழியாகத் தலையை விட்டுப் பார்த்துவிட்டார்.

'இன்னாடா இது? காதுல வேஸ்ட்ட அடைச்சிக்கினு குந்திக்கினுகீற? நிறுத்துன்னு நான் கத்துனா உனுக்கு எப்டி கேக்கும்? கை நசுங்குச்சுன்னா யாருக்குப் பேஜாரு? ஜல்தி எடு.'

எடுத்தேன். அவர் சொன்னதில் தப்பு இல்லை. போன வருஷம்தான் ஒருவனுக்கு விரல் போயிருந்தது. ஆனால் அவர் கத்துவது கேட்பதற்காக நான் செவிடாக வேண்டும் என்று ஆயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, இதுதானோ, இந்த அடியில்தான் போகப்போகிறதோ என்று உள்ளே உட்கார்ந்திருப்பேன். தோளில் இரும்பு அதிரும். இருட்டில் துரு கொட்டும். வெளியே வந்ததும் முதல் வேலையாக யாரிடமாவது பேச்சுக் கொடுப்பேன். அவர்கள் பேசுவது எனக்கு வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

இந்த நிலைமையில்தான் கல்யாணப் பேச்சு வந்தது. எங்கள் பங்குக் கோயில் உபதேசியார் திண்டிவனத்தில் ஒரு பெண் இருக்கிறது என்றார். தகப்பனார் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை எடை போடுகிறவர், கௌரவமான வேதக்காரக் குடும்பம், எங்களைப் போலக் கிறிஸ்தவர்கள். ஜாதகம் கேட்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. ஆனால் செவிட்டு லைன் பேர் திண்டிவனம் வரைக்கும் போயிருந்தது. பெண்ணின் தாய்மாமன், 'மாப்பிள்ளைக்குக் காது கேக்குமான்னு பாக்காம நான் பொண்ணக் குடுக்கவுடமாட்டேன்' என்று சொல்லியிருந்தாராம். உபதேசியார் கெட்டிக்காரர். 'நீ அந்த கித்தார தூக்கிக்கினு வா. செவிடன் எங்கனா கித்தார் வாசிப்பானா? அதுக்கு மேல சாட்சி இன்னா வேணும்?' என்றார்.

ஊருக்கு அது என் காதுக்குச் சாட்சி. எனக்கு அது என் காதுக்கு எதிரான சாட்சி. அந்தத் திரிந்த பாலை அவர்கள் முன்னால் ஊற்றிக் காட்டினால் என்ன ஆகும்? காது கோணலானவன் என்று ஒரு வாரலிலேயே தெரிந்துவிடாதா? மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. காரணம் கேட்பார்களே.

பாசஞ்சர் வண்டியில் போனோம். கித்தாரைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மயிலத்தில் திருவிழாவுக்குப் போகிற கூட்டம். மூட்டை முடிச்சோடு இடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஒரு மூட்டை, கம்பிகளைத் திருகும் முளைகள் இருக்கிற கித்தாரின் தலையில் பலமாக மோதியது. சண்டைக்குப் போகிற மனநிலையில் நான் இல்லை. அதன் மேலேயே கவிழ்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெண் வீட்டில், பெண் பார்க்க வந்த எங்களை உட்காரவைத்துவிட்டு அவர்கள் காது பார்க்க ஆரம்பித்தார்கள். உள்ளே ஒரு பித்தளை டம்ளர் கீழே விழுந்தது. நான் திரும்பினேன். சமையலறையிலிருந்து பெண்ணின் அம்மாள் குரல் தணிந்து, 'காப்பியா, மோரா?' என்றது. 'மோரு போதுங்க' என்றேன். தாய்மாமன் எழுந்து என் பின்னால் போய், முணுமுணுக்கிற குரலில், 'தம்பி, உங்க காலர்ல தேளு' என்றார். நான் துள்ளி எழுந்ததில் நாற்காலி கவிழ்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் பெண்ணும் சிரித்தது கேட்டது. பயந்து பயந்து என் காது அந்த நாளில் நாய்க் காது மாதிரி ஆகியிருந்தது. மாமனுக்கு என்ன தெரியும்?

'பாஸாயிட்டீங்க' என்றார் அவர். 'இனி சும்மா, ஆசைக்கு ஒரு பாட்டு வாசிங்க.'

புடவையைப் பிரித்தேன். சுருதி பார்க்க வேண்டும். ஆனால் கம்பியோடு காதை வைத்து உற்றுக் கேட்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று பயம். நடக்கிறது நடக்கட்டும் என்று அந்த ரயில் கார்டு வைக்கிற மாதிரி விரல்களை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே வாராக வாரினேன்.

வெல்லப் பாகு.

இன்ஸ்டிட்யூட் சன்னலிலிருந்து வழிகிற அதே சத்தம், என் விரலடியிலிருந்து. இன்னொரு தடவை வாரினேன். விரலை மாற்றி வாரினேன். எல்லாம் சரி. எனக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. பாட்டு முடிகிற வரைக்கும் அழுதுகொண்டே வாசித்தேன். அவர்கள் அதை பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், ஒல்லிக் கம்பிக்கு முந்தின கம்பி ஒரு கட்டம் தளர்ந்திருந்தது. மற்றக் கம்பியெல்லாம் திண்டிவனத்தில் இறங்க வேண்டும். அந்தக் கம்பியைப் பிடிக்க மட்டும் மயிலத்திலேயே இறங்க வேண்டுமாம். அதுதான் கித்தாரின் சட்டம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அதையும் திண்டிவனம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். கெட்டுப் போனது என் காது இல்லை. என் காது அத்தனை மாதமாக, இது தப்பு, இது தப்பு என்று உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மயிலத்தில் இடித்த அந்த மூட்டைதான் அதைத் தளர்த்தியது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. வேறு எங்கேயாவதும் இருக்கலாம்.

கல்யாணம் ஆகி அவள் விழுப்புரம் வந்து கேட்ட முதல் கேள்வி, 'அன்னிக்கி ஏன் அழுதீங்க?' என்பது. சொன்னேன். ஸ்டேஷன் கணக்கையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். 'அந்தக் கம்பி மட்டும் எங்க ஊருக்கு வராதா? அதுக்கு எங்க ஊரு மேல இன்னா கோவம்?' என்றாள். தினம் நான் சுருதி சேர்க்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். திண்டிவனம், திண்டிவனம், திண்டிவனம், மயிலம் என்று கூடவே சொல்லுவாள். கித்தாரின் காதைத் திருகுவது என்று அவள் அதற்குப் பேர் வைத்திருந்தாள்.

யுத்தம் வந்தது. பட்டணத்தில் குண்டு விழும் என்று ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். கூரையில் உட்கார்ந்துகூட வந்தார்கள். திண்டிவனத்தில் என் மாமனார் வீட்டில் மட்டும் மூன்று குடும்பம். சாயந்திரம் விளக்குக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி வைப்போம். ஊரெல்லாம் அண்ணாந்து வானத்தைப் பார்த்துப் பயந்தது. நான் குனிந்து பயர்பாக்ஸுக்குள் போய்ப் பயந்தேன். ராணுவ வண்டியும் சரக்கு வண்டியும் ஓயாமல் ஓடின. இன்ஜின்களுக்கு ஓய்வு இல்லை. தண்டுகள் கொத்துக் கொத்தாகக் கசிந்தன. முன்னெல்லாம் வாரத்தில் இரண்டு நாள் உள்ளே இறங்கினவன், இப்போது தினமும் இறங்கினேன். வேலையை விட்டு நிற்கவும் முடியாது. யுத்தக் காலத்தில் ரயில்வேக்காரன் நினைத்தபடி நின்றுவிட முடியுமா?

ஆனால் இப்போது என்னிடம் ஒரு சோதனை இருந்தது. தூங்கி எழுந்ததும் கித்தாரை எடுத்து ஒரு வார் வாருவேன். வெல்லப் பாகு வழிந்தால் காது இருக்கிறது. பிரேக் வயர் கம்பி சீக்கிரம் தளரும் என்பதால் நடுவில் சில நாள் திரிந்து வந்தது. அந்த நாட்களில் பழைய பயம் திரும்பி வரும். மறுபடி சுருதி சேர்க்க உட்கார்ந்தால் மயிலம் எனக்குப் பிடிபடாது. முன்னாலும் பின்னாலும் போய், வியர்த்து ஊற்றும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு அந்தத் தொல்லையும் நின்றுபோயிற்று. எப்போது எடுத்து வாரினாலும் கித்தார் சரியாக இருந்தது. கம்பி பழகிவிட்டது என்று நினைத்தேன். பயந்த காலத்தில் ஒன்றும் ஆகவில்லை, இனிமேலா ஆகப் போகிறது என்று கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

கூரையில் குருவிகள் இல்லை. கரிப் புகை அதிகமாகிவிட்டதால் ஓடிப்போய்விட்டன என்று நினைத்தேன். பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்பதில்லை. யுத்தத்தில் பாலே தண்ணீர்தானே என்று நினைத்தேன். சாமியார் பிரசங்கத்தில் வார்த்தைகளை மென்று விழுங்குவதாக அவளிடம் குறை சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. பயந்து பயந்து வாசலையே காவல் காத்தவன், பின்பக்கமாக வந்ததைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் ஷெட்டுக்குப் போனேன். எனக்கென்று வைத்திருந்த இன்ஜின் நேரம் கழித்து வந்ததால் பாய்லர் ஆறவில்லை. 'சாயங்காலம் வா' என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு முந்தின நாள் ஞாயிறு, எனக்கு ஓய்வு. இரண்டு நாளாக ஒரு சம்மட்டி அடிகூடக் காதில் விழவில்லை. வெயில் ஏறுகிற நேரம் வீட்டுக்குத் திரும்பினேன்.

கதவு திறந்திருந்தது. அவள் சன்னல் வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில், கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையைச் சாய்த்து காதைப் பலகையோடு ஒட்டியிருந்தாள். இடது கை மயிலத்தில். வலது கையால் கம்பியைச் சுண்டினாள். வெளிச்சத்தில் கம்பி நடுங்குவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. திருகினாள். மறுபடி சுண்டினாள். பாயில் உட்கார்ந்திருந்த எங்கள் குழந்தை ஒவ்வொரு சுண்டலுக்கும் கையைத் தட்டிச் சிரித்தது. கம்பியின் நடுக்கம் தெரிந்தது. குழந்தையின் உள்ளங்கைகள் மோதுவது தெரிந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டேன். அவள் திருப்தியாகி, விரல்களைப் பரப்பி எல்லாக் கம்பியையும் வாரினாள். தடிக் கம்பிகளின் ஊமை உறுமல் மட்டும், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அம்மி அரைப்பது மாதிரி, வந்து சேர்ந்தது. தினம் காலையில் வெல்லப் பாகு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். மீதி இனிப்பை நானாகவே ஞாபகத்திலிருந்து போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

குழந்தை என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. அவள் திரும்பினாள். கித்தாரை மறைக்கப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். நான் கிட்டே போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

'எத்தினி நாளா இப்படி நீ சேத்து வைக்கிற?'

'கொழந்த வயித்துல இருந்தப்பலேர்ந்து' என்றாள். அவள் உதட்டைப் பார்த்துத்தான் எனக்கு அது புரிந்தது. குழந்தை அப்போது நடக்க ஆரம்பித்திருந்தது.

'ஏன் எங்கிட்ட சொல்லல?' என்று கேட்டேன். என் குரல் எவ்வளவு பலமாக வந்தது என்று எனக்குத் தெரியாது. குழந்தை மிரண்டு அவள் மேல் ஒண்டிக்கொண்டது.

'சொன்னேங்க' என்றாள். 'மொகத்தப் பாத்து சொல்ல எனுக்கு தைரியம் வரல. நீங்க அந்தாண்ட திரும்பி குந்திக்கினு வாசிக்கறப்ப, பின்னால நின்னுக்கினு சொன்னேன். ரெண்டு மூணு வாட்டி சொன்னேன்.'

அவள் அழவில்லை. நானும் அழவில்லை. அவள் கித்தாரை என் பக்கம் நகர்த்தினாள். நான் அதைத் தொடவில்லை. 'இன்னொரு வாட்டி சொல்லு, இப்ப என் மூஞ்சியப் பாத்து சொல்லு' என்றேன்.

அவள் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, என் கண்ணைப் பார்த்து, எங்கள் வரிசைப் பெண்கள் கத்துவது மாதிரி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்திச் சொன்னாள்:

'உங்களுக்குக் காது போயிட்டுதுங்க.'

அது கேட்டது.